அரசுப் பணியா, சொந்தத் தொழிலா? இரண்டுக்கும் நடுவே கேரள இளைஞர்கள்

புது தில்லி: கேரளத்தில் 15 முதல் 29 வயது வரையிலானோரிடையே வேலையின்மை விகிதம் 29.9 சதவீதம் என்று மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வு (2023 ஜூலை - 2024 ஜூன்) தெரிவித்தது. அதே ஆய்வில் தேசிய சராசரி 10.2 சதவீதமே. கல்வியில் முன்னணியில் நிற்கும் மாநிலத்தின் நிலை இது என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த இளைஞர்களுக்கு முன்னுள்ள இரு வழிகளும் திருவனந்தபுரத்திலேயே தொடங்குகின்றன. ஒன்று, அரசுப் பணியாளர் தேர்வாணையம். மற்றொன்று, புதிய தொழில்களை வளர்ப்பதற்கென அரசே நடத்தும் கேரள ஸ்டார்ட்அப் மிஷன்.

முதல் வழி பாதுகாப்பானது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால், தரவரிசைப் பட்டியலில் இடம் பெற்றாலே பணி கிடைத்துவிடாது. நியமனம் கோரி 2021 பிப்ரவரியில் தலைமைச் செயலகத்தின் முன் இளைஞர்கள் முழங்காலிட்டு நகர்ந்து போராடினர். நீட்டிக்கப்பட்ட பட்டியல்களும் அவ்வாண்டு ஆகஸ்டில் காலாவதியாயின. 2013 ஏப்ரலுக்குப் பின் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியமும் இல்லை.

இரண்டாவது வழியில் வென்றவர்களும் உண்டு. நிறுவன வேலையைத் துறந்த பொறியியல் பட்டதாரிகள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ், பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை 2018-ல் திருவனந்தபுரத்தில் அறிமுகம் செய்தது. கும்பகோணம் நகராட்சியும் பின்னர் அதைப் பெற்றது. தொடக்கத்திலேயே கேரளக் குடிநீர் ஆணையமும் ஸ்டார்ட்அப் மிஷனும் கைகொடுத்ததை மறந்துவிடலாகாது.

அத்தகைய ஆதரவு எல்லோருக்கும் கிட்டுவதில்லை. கண்ணூர் மாவட்டம் ஆந்தூரில், தான் கட்டிய அரங்குக்கு நகராட்சியின் அனுமதி தாமதமான நிலையில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய தொழில்முனைவோர் ஒருவர் 2019 ஜூனில் தற்கொலை செய்துகொண்டார். அவ்வாண்டே, உறுதிமொழி அளித்துவிட்டுச் சிறுதொழில் தொடங்கவும், அனுமதிகளைப் பின்னர் பெறவும் வழிசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது.

2022-23-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தொழில்கள் தொடங்கப்பட்டதாக அன்றைய இடது முன்னணி அரசு அறிவித்தது. மாநிலத்தின் தொழில் சூழலைப் பாராட்டி 2025 பிப்ரவரியில் சசி தரூர் எழுதிய கட்டுரையால் காங்கிரஸுக்குள்ளேயே சர்ச்சை வெடித்தது. அரசு கூறும் எண்ணிக்கை சரியா என்பதிலேயே விவாதம் சுழன்றது.

ஆனால், வீட்டில் எழும் கேள்வி வேறு: தொழில் நொடித்தால் என்ன செய்வது? பெரும்பாலான தேர்வாணையப் பணிகளுக்குப் பொதுப் பிரிவினரின் வயது வரம்பு 36. முப்பதில் தொழில் தொடங்கி ஏழாண்டுகளில் தோற்பவருக்கு முதல் வழியும் அடைபட்டுவிடும். கடன் மட்டுமே மிஞ்சும். எனவே, அரசுப் பணியை நாடுவதைத் துணிவின்மை என்று பழிப்பது நியாயமன்று.

தொழில் தொடங்குவதை எளிதாக்கிய அரசு, தோற்றவர் மீண்டெழவும் வழிசெய்தாக வேண்டும். வயது வரம்பில் சலுகை, கடன் தீர்வில் தாராளம் ஆகியவை குறித்து இரு முன்னணிகளும் பேசத் தொடங்கினால்தான், இளைஞர்களின் தேர்வு உண்மையிலேயே அவர்கள் விரும்பிச் செய்யும் தேர்வாக அமையும்.