நெட் இல்லை என்றால் கம்ப்யூட்டர் வகுப்பும் இல்லையா?



போன மாதம் மட்டும் மூன்று கம்ப்யூட்டர் பீரியடில் நாங்கள் கணக்குப் போட்டோம். ஏன் என்று கேட்டால் “இன்னைக்கு நெட் இல்ல” என்பதுதான் பதில். நெட் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் டப்பாவா? இல்லை என்பது என் கருத்து.

பொங்கல் லீவுக்குப் பெரியம்மா வீட்டு அக்கா வந்திருந்தார். காலேஜில் படிக்கிறார். அவர் லேப்டாப்பில் பைத்தானும் ஃபிளாஸ்க்கும் முன்பே ஏற்றி வைத்திருந்தார். எங்கள் தெருவில் சிக்னலே கிடையாது. ஆனாலும் ஆறேழு வரி எழுதி, கறுப்புத் திரையில் ஓட விட்டு, பிரவுசரில் 127.0.0.1:5000 என்று அடித்தோம். “வணக்கம்” என்று வந்தது! 127.0.0.1 என்றால் ‘இதே கம்ப்யூட்டர்’ என்று அர்த்தம். 5000 என்பது கதவு எண் மாதிரி. கேட்பதும் அதே மெஷின், பதில் சொல்வதும் அதே மெஷின். கறுப்புத் திரையை மூடினால் பக்கமும் வராது.

அடுத்து அம்மாவுக்காகப் பால் கணக்குப் பக்கம் ஒன்று செய்தோம். காலை 4, மாலை 3 என்று போட்டால் மொத்தம் 43 என்று வந்தது! அம்மா, “நம்ம மாடு 43 லிட்டர் கறந்தா நான் ஏன்டி களையெடுக்கப் போறேன்?” என்று சிரித்தார். பிறகுதான் புரிந்தது. கட்டத்தில் நாம் அடிப்பதை அது எண்ணாக எடுக்காது, எழுத்தாகத்தான் எடுக்கும். அதனால் 4-க்குப் பக்கத்தில் 3-ஐ ஒட்டி வைத்துவிட்டது. எண்ணாக மாற்றச் சொன்னதும் 7 வந்தது. அரை மணி நேரம் தேடி நானே கண்டுபிடித்தேன். அந்தச் சந்தோஷம் நூற்றுக்கு நூறு வாங்கினால்கூட வராது.

உலகத்தின் முதல் வெப் சர்வரும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். 1990-ல் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ தாம் வேலை செய்த கம்ப்யூட்டரிலேயே அதை ஓட்டினார். யாரும் ஆஃப் செய்துவிடக் கூடாது என்று அதன்மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரும் கோபித்துக் கொள்ளாதீர்கள். நெட் இருக்கும் நாளில் ஒரு மெஷினுக்கு நாலு பேர். மௌஸ் எப்போதும் பையன்கள் கையில். “உன் கையெழுத்து நல்லா இருக்கு, நீ நோட்ல எழுது” என்பார்கள். (இந்தச் சுவரிதழும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது!) இந்த வருடம் பள்ளியில் நான் கீபோர்டைத் தொட்டது இரண்டே தடவை.

“தெரியாம அமுக்கினா கெட்டுப் போயிடும்” என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்த மாதிரி புரோகிராமில் ஒரு வரி தப்பானால் மெஷின் கெடாது. எந்த வரியில் தப்பு என்று பெரும்பாலும் அதுவே காட்டும். திருத்தி மறுபடி ஓட்டலாம்.

எனவே ஆசிரியர்களுக்கு இரண்டு வேண்டுகோள். நெட் வரும் ஒரு நாளில் பைத்தானையும் ஃபிளாஸ்க்கையும் எல்லா மெஷினிலும் ஏற்றி வையுங்கள். ஒருமுறை ஏற்றினால் போதும், அப்புறம் நெட் தேவையில்லை. இரண்டாவது, பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று கீபோர்டை மாற்றிக் கொடுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நோட்டில் எழுதிய கம்ப்யூட்டரும் அப்படித்தான்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி