பட்டமும் எட்டு மணி நேரமும்

அரியலூர், பெரம்பலூர் பஸ் நிலையச் சுவர்களைப் பாருங்கள். பள்ளியைப் பாதியில் விட்டவர்களா, கவலை வேண்டாம், வேலை பார்த்துக்கொண்டே பட்டதாரி ஆகலாம் என்று சுவரொட்டிகள் கூவி அழைக்கின்றன. சிமெண்டு ஆலையில் மூட்டை ஏற்றும் தோழர் அதைப் படிக்கிறார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இரவு ஷிப்டு முடித்து வரும் இளைஞர் படிக்கிறார். வெங்காயக் காட்டில் கூலி வேலை செய்யும் சகோதரியும் படிக்கிறார். மடியில் இருக்கும் பணத்தை அங்கே கட்டலாமா, வேண்டாமா?

"ஆலைத் தொழிலாளிக்குப் பட்டம் எதற்கு? சங்கம் போதாதா?" என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். இது தவறு என்று நாம் அடித்துச் சொல்கிறோம். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று நிலம் எடுத்தார்களே, அந்தக் குடும்பங்கள் நஷ்டஈட்டுக்காக எத்தனை ஆண்டுகள் கோர்ட்டுப் படி ஏறி இறங்கின! சம்பளப் பட்டியலையும் பி.எஃப். கணக்கையும் சர்க்கார் நோட்டீசையும் தானே படித்துப் புரிந்துகொள்ளும் தொழிலாளியைக் கண்டு எந்தக் காண்டிராக்டரும் மகிழ்வதில்லை. அவன் அஞ்சுவதை நாம் ஏன் கைவிட வேண்டும்?

ஆனால் முதலாளியும் சுவரொட்டிக்காரரும் சேர்ந்து பாடும் பாட்டு வேறு. "உனக்குப் படிப்பில்லை, அதனால்தான் கூலி குறைவு. பட்டம் வாங்கு, உயர்ந்துவிடுவாய்." அப்படியா கனவான்களே? 2022இல் தமிழ்நாடு அரசு நான்காம் தொகுதித் தேர்வு நடத்தியது. அதற்குப் பத்தாம் வகுப்பே போதும். முதலில் அறிவித்த இடங்கள் 7301. விண்ணப்பித்தவர்களோ சுமார் 22 லட்சம் பேர்! பட்டதாரிகளும் என்ஜினீயர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். வேலை இல்லாத குற்றத்தைப் படிக்காதவன் தலையில் கட்டுவது என்ன நியாயம்? மூட்டை ஏற்றும் தோழர் பி.ஏ. தேறிய மறுநாளும் காண்டிராக்டர் எண்ணிக் கொடுப்பது அதே தினக்கூலிதான். கூலியை உயர்த்துவது சங்கத்தின் வேலை. அதைப் பட்டம் செய்யாது.

இனி, பணம் கட்டத் துணிந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதைப் பற்றிச் சுவரொட்டி வாய் திறக்காது. பள்ளிப் படிப்பையும் முதல் பட்டத்தையும் முறையாக முடிக்காமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய முதுகலைப் பட்டம் அரசுப் பதவிக்குச் செல்லாது என்று 2009இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசும் 107ஆம் எண் அரசாணையைப் போட்டது. பத்தாவது, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்பார்கள். ஆகவே பிளஸ் டூ இல்லாத தோழர் முதலில் அதைத் தனித்தேர்வராக எழுதட்டும். அதற்குச் செலவும் குறைவு.

பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. நம் மாவட்டங்களுக்கு அருகிலுள்ள சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் தொலைதூரக் கல்வி நடத்தி வந்த பெரிய நிறுவனம். அதன் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் தந்திருந்தோம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 மார்ச்சில் அறிவித்தது. அதற்குப் பின் சேர்ந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! இரண்டு நிறுவனங்கள் மோதிக்கொண்டன; அடி விழுந்தது ராத்திரி கண்விழித்துப் படித்தவன் முதுகில். எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு அனுமதி என்பதை மானியக் குழுவின் பட்டியலில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பட்டியல் பார்க்கத் தெரியாதவர்கள் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் தொழிலாளி எப்பொழுது படிப்பது? இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் ஒளித்து வைக்கிறார்கள். 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றினார். எட்டு மணி நேர வேலை என்பது அந்தக் கொடியின் கோரிக்கை. மீதி நேரத்தில் உறக்கம் போக எஞ்சுவது மனிதனாக வாழ்வதற்கு, படிப்பதற்கு. அந்த நேரத்தின் மேல்தான் எல்லோருக்கும் கண். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றினார்களே, நினைவிருக்கிறதா? தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று அது வாபஸ் ஆனது. அந்த 12 மணி நேரம் வந்திருந்தால் எந்தத் தோழர் புத்தகத்தைத் திறந்திருப்பார்? ஒரு கையால் பட்டப்படிப்பைப் புகழ்ந்து, மறு கையால் படிக்கும் நேரத்தைப் பறிக்கிறார்கள்!

சோவியத் நாட்டில் 1919 முதலே தொழிலாளர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் தனிப் பிரிவுகள் இயங்கின. பின்னாளில் வேலை செய்துகொண்டே படிப்பவருக்குத் தேர்வுக் காலத்தில் சம்பளத்துடன் விடுப்பும் சட்டப்படி கிடைத்தது. சோவியத் கதை வேண்டாம் என்பவர்களுக்கு வேறொன்று சொல்வோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974இல் சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்புக்கென்றே 140ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்திய அரசு இதுவரை அதை ஏற்கவில்லை.

ஆலைகளின் அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில், தேர்வு நாட்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு என்ற கோரிக்கையை நாம் வைக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, காண்டிராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்தே வைக்க வேண்டும். வெங்காயக் காட்டுச் சகோதரிக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. அவருக்காகச் சர்க்காரைத்தான் கேட்க வேண்டும்: அரியலூர், குரும்பலூர், வேப்பந்தட்டை அரசுக் கல்லூரிகளில் மாலை வகுப்பு, அது முடிந்து கிராமத்துக்குத் திரும்ப ஒரு பஸ்.