கைக்குள் அடங்கிய கச்சேரி

மன்னார்க் கடைத்தெருவில் நாம் வாங்கிய எம்பி3 பாட்டுப் பெட்டி தீப்பெட்டியிலும் சற்றே பெரிது. ஆயிரம் பாட்டுக்களை விழுங்குமாம். ஊட்டுவதற்குக் கணினி வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை! அயல்வீட்டுத் தம்பியின் தயவால் இரண்டாம் நாள் மாலையிலேதான் அது வாய் திறந்தது. ஓசை வெகு தெளிவு. ஆயினும் செவியில் மாட்டியவருக்கு மட்டுமே கச்சேரி. இல்லாளின் முகத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்க.

முன்னாளில் இத்தீவில் ஒரு டிரான்சிஸ்டர் பேசினால் முற்றமே கேட்கும்; கொழும்பு அலுத்தால் திருச்சி. இப்பெட்டியிலோ வானொலியே இல்லை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியுடன் மன்னாரையும் அலைக்கழித்த கதையைத் தந்தை சொல்லக் கேட்டு வளர்ந்த எம் மைத்துனர், கடலுக்குப் புறப்படுகையில் இதனைத் தொடவே மறுத்துவிட்டார்.

"பாட்டு இருக்கட்டும் அத்தான், காத்து எப்பிடியெண்டு இது சொல்லுமோ?"

பழைய வானொலியே பொலித்தீன் உறைக்குள் வள்ளமேறிற்று.