கில்ரோய் இங்கே இருந்தான்

சுவருக்கு அப்பால் நின்று எட்டிப் பார்க்கும் ஒரு மொட்டைத் தலை, சுவரின்மேல் வழியும் நீண்ட மூக்கு, இரு புறமும் பற்றியிருக்கும் விரல்கள். கீழே ஒரு வரி: "கில்ரோய் இங்கே இருந்தான்." இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் போன இடமெல்லாம் இதைக் கிறுக்கிவிட்டுப் போனார்கள். வாசகம் அவர்களுடையது. முகமோ பிரித்தானியருடையது. அங்கே அவனுக்குப் பெயர் சாட். "என்ன, தேநீர் இல்லையா?" என்று பங்கீட்டுக் காலத் தட்டுப்பாட்டை நையாண்டி செய்வது அவன் தொழில்.

இந்த இரு பாதிகளுக்கும் உரிய மாலுமிகள் அருகருகே நங்கூரமிட்ட துறைமுகங்களில் ஒன்று நமது திருகோணமலை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இதைக் குண்டுவீசித் தாக்கின. இரண்டாண்டுகள் கழித்து, 1944 மார்ச் இறுதியில், அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல் சரடோகா இங்கு வந்து பிரித்தானியக் கீழைக் கடற்படையுடன் இணைந்தது. ஏப்ரல் 19இல் அக்கப்பலும் பிரித்தானியாவின் இலஸ்ட்ரியஸும் சேர்ந்து சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின.

கில்ரோய் யார்? 1946இல் அமெரிக்கப் போக்குவரத்துச் சங்கம் ஒரு போட்டி வைத்தே தேடியது. நான்தான் என்று பலர் வந்தனர். பரிசை வென்றவர் ஜேம்ஸ் கில்ரோய், மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குவின்சி கப்பல் கட்டும் தளத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். அங்கே ரிவெட் ஆணி அடிப்பவர்களுக்கு எண்ணிக்கைப்படி கூலி. எண்ணியதற்கு அடையாளமாகச் சுண்ணக்கட்டியால் இடும் கோட்டைச் சிலர் அழித்துவிட்டு, அதே ஆணிகளுக்கு மறுபடியும் கூலி பெற்றார்களாம். எளிதில் அழிக்க முடியாதபடி அவர் பெயரையே எழுதத் தொடங்கினார். அவசரத்தில் வண்ணம் பூசப்படாமலே கடலுக்குப் போன கப்பல்களில், மூடிய அறைகளுக்குள்கூட மாலுமிகள் அந்தப் பெயரைக் கண்டார்கள். பரிசு என்ன தெரியுமா? ஒரு முழு ட்ராம் வண்டி! பிள்ளைகள் விளையாட வீட்டு முற்றத்தில் நிறுத்திக்கொண்டார்.

இக்கதையை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு இதுவே உகந்தது. உலகைச் சுற்றிய ஒரு விளையாட்டின் வேரில் ஒரு தொழிலாளியின் கூலிக் கணக்கு இருக்கிறது.

நமது துறைமுகத்தில் நிலைத்த பெயர்களைப் பாருங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குப் பெயர் தந்த யோர்க் கோமகன் இம்மண்ணை மிதித்ததே இல்லை. அவருக்கு ஒரு கோட்டை. சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களுக்கு எஃகுத் தகடு சுமந்தவனுக்கு ஒரு கோடும் இல்லை.

எஞ்சியுள்ள 99 குதங்களில் 61ஐ இலங்கையும் இந்தியாவும் கூட்டாக மேம்படுத்த 2022 ஜனவரியில் ஒப்பந்தமானது. எரிபொருள் அரசியலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் கோரிக்கை சிறியது. துருவைச் சுரண்டிப் புது வண்ணம் பூசுமுன், ஒவ்வொரு குதத்தின் உள்ளும் புறமும் ஒரு தடவை படம்பிடியுங்கள். சுண்ணக்கட்டிக் கோடு, கீறிய எழுத்து, எண்ணிக்கைக் குறி எதுவாயினும் பதிவு செய்யுங்கள். இதற்குக் கோடிகள் தேவையில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலிருந்து நாலு மாணவர்களும் இரண்டு கமெராக்களும், உள்ளே போக ஓர் அனுமதிச் சீட்டும் போதும்.