என் தம்பி ஒப்புக்குச் சப்பாணி இல்லை!



பி.டி. பீரியடில் ஆறாம் வகுப்பு முழுக்க மைதானத்தில் ஓடும்போது, ஒரு பையன் மட்டும் மரத்தடியில் எல்லாருடைய செருப்புக்கும் காவலாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவன் என் தம்பி. அவனுக்கு ஆட்டிசம். "விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?" என்று உட்கார வைத்திருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அக்கறையில்தான் செய்கிறார்கள். ஆனால் அவனுக்கு வேண்டியதே அந்த ஓட்டம்தான் என்பது என் கருத்து.

ஆட்டிசம் தொற்றுநோய் இல்லை. மூளையின் வளர்ச்சியில் பிறவியிலேயே இருக்கும் ஒரு வித்தியாசம். புலன்கள் ஐந்து என்று படித்தோம் அல்லவா? இப்போது கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடுங்கள். பார்க்காமலே எப்படித் தொட்டீர்கள்? தசையும் மூட்டும் மூளைக்குச் சேதி சொல்கின்றன. காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்கள் உடம்பு சாயாமல் இருக்க உதவுகின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு இந்தச் சேதிகள் கூடவோ குறைவாகவோ போகின்றன. அமெரிக்காவில் ஜீன் அயர்ஸ் என்ற அம்மையார் 1972-லேயே இந்தப் புலன்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார்.

தம்பி பெஞ்சில் சரிந்து உட்காருவதைப் பார்த்து "சோம்பேறி" என்கிறார்கள். நிமிர்ந்து உட்காரவே அவன் பலமெல்லாம் செலவாகிவிட்டால் பாடம் எப்படி மண்டையில் ஏறும்?

பயிற்சி கொடுக்கும் அக்கா ஒருவர் எங்களுக்குச் சில விளையாட்டுகள் சொல்லிக் கொடுத்தார். சாயங்காலம் காரைக்கால் கடற்கரை மணலில் நானும் தம்பியும் நண்டு மாதிரி நடப்போம். கயிறு இழுப்போம். நொண்டி அடிப்போம். நான் கையைத் தூக்கினால் சிலை மாதிரி நிற்க வேண்டும். விசில் ஊதினால் காதைப் பொத்திக்கொள்வான், அதனால் கைதான். முன்னெல்லாம் வீட்டுப்பாடத்தில் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து ஓடுவான். இப்போது விளையாடி வந்த பிறகு ஒரு பக்கம் கணக்குப் போடுகிறான். சில நாள் அதுவும் நடக்காது. இது மந்திரம் இல்லை, ஆட்டிசத்தைப் போக்கவும் போக்காது. ஓடியாடிய பிறகு கொஞ்ச நேரம் கவனம் கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு ஊஞ்சல் என்றாலே பயம். அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

"அவனைச் சேர்த்தா ஆட்டம் கெட்டுடும்" என்பீர்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். ஒருநாள் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும்போது, "இவன் ஒப்புக்குச் சப்பாணி" என்று சொல்லித்தான் சேர்த்தேன். யாரும் அவனைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். பேசாத பிள்ளைக்குப் புரியாது என்று நினைத்தது என் தப்பு.

1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயரே இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் அதுவும் ஒன்று. பள்ளியில் படிப்பு மட்டுமல்ல, விளையாட்டிலும் சம வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். சென்னை அருகே முட்டுக்காட்டில், 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனம் இருக்கிறது. அவ்வளவு தூரம் அடிக்கடி போக எங்களால் ஆகாது. ஆனால் நம் மைதானம் பத்தடியில் இருக்கிறதே!

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் பீரியடுக்கு முன் பத்து நிமிஷம் எல்லாரும் சேர்ந்து நொண்டியோ நண்டு நடையோ ஆட விடுங்கள். நமக்கும் தூக்கம் கலையும்!

தோழிகளே, வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் பாண்டிக் கட்டத்தை நான் கீறுகிறேன். முதல் சில்லு தம்பி போடட்டும். கோட்டை மிதித்தால் அவனுக்கும் அவுட்தான்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி