வீடு உள்ளவர்கள் மட்டுந்தானா குடியிருப்போர்?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

மந்தைவெளி என்ற பெயரைக் கேட்டாலே ஒரு காலத்தில் அது மாட்டு மந்தைகள் மேய்ந்த வெளி என்பது விளங்கும். இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு தகரத் தடுப்பு நிற்கிறது. அதற்கு அப்பால் இடித்த வீடு இருக்கும், அல்லது இடிக்கப்போகிற வீடு இருக்கும், அல்லது ஐந்தாவது மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருப்பார்கள். தடுப்பின்மேல் ஒட்டியிருக்கும் வண்ணப்படத்தில் பூந்தொட்டிகளும் புன்னகை பூத்த ஒரு குடும்பமும் காணப்படும். அந்தக் குடும்பத்தை நான் இதுவரை எங்கள் தெருவில் பார்த்ததில்லை!

அன்புத் தோழியரே, நம்மில் பலர் மந்தைவெளி, மயிலாப்பூர், சாந்தோம், பட்டினப்பாக்கம், ராஜா அண்ணாமலைபுரம் ஆகிய இடங்களிலிருந்து பள்ளிக்கு வருகிறவர்கள். நம் பேட்டை மாறிவருவதைப் பற்றி நம் வீடுகளில் பேசாத நாளில்லை. சமூக அறிவியல் ஆசிரியை கொடுத்த செயல்திட்டத்துக்காக, இந்த மாற்றத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெருவில் பலரிடமும் கேட்டு எழுதி வந்தேன். செயல்திட்டத்துக்கு மதிப்பெண் கிடைத்துவிட்டது. கேள்வி மட்டும் தீரவில்லை. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

முதலில் வீட்டு உரிமையாளர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகளை இடிப்பவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் என்று சிலர் எழுதுவதை நான் ஒப்புவதில்லை. எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கடற்காற்றின் உப்பு சுவருக்குள் இருக்கும் கம்பி வரை போய்விட்டது. கம்பி துருப்பிடித்து ஊதினால் சிமெண்டு பிளந்து விழும். சென்ற மழைக்காலத்தில் மாடிப்படி மேலிருந்து ஒரு துண்டு விழுந்தது. நல்ல வேளையாகக் கீழே யாரும் இல்லை. இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் மாமி என்னிடம், “லிஃப்ட் இல்லாம இந்த முழங்காலை வெச்சுண்டு நான் எத்தனை நாள் ஏறி எறங்கறது, நீயே சொல்லு?” என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? மருந்து வாங்க அவர் இறங்குவதில்லை. பையைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார். அவருக்குப் புதுக் கட்டடம் வேண்டும்தான்.

இடிப்பது ஏன் இப்போது இவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. எங்கள் கட்டடம் இரண்டு கிரவுண்டில் நிற்கிறது; அதாவது 4,800 சதுர அடி மனை. முன்பு மனைப் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்பது விதி. அப்படியானால் 7,200 சதுர அடி. 2019-ல் வந்த புதிய கட்டட விதிகள் அதை இரண்டு மடங்காக்கின. இப்போது 9,600 சதுர அடி. அரசுக்குக் கட்டணம் செலுத்தினால் தெருவின் அகலத்தைப் பொறுத்து இன்னும் சிறிது கூடும். ஆக, உரிமையாளர்களுக்குப் பழைய அளவிலேயே புது வீடு கொடுத்துவிட்டு, மிஞ்சும் 2,400 சதுர அடியைக் கட்டுநர் விற்றுக்கொள்ளலாம். உரிமையாளர் ஒரு காசும் போடாமல் புது வீடு பெறுகிறார். கட்டி முடியும்வரை வெளியே தங்குவதற்கு வாடகையும் கட்டுநரே தருகிறார். யாருக்குத்தான் ஆசை வராது!

அடுத்து சட்டம். முன்பு அடுக்குமாடியில் ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுபோகும் நிலை இருந்தது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 என்பது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் இடித்துக் கட்டலாம். எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். எட்டில் மூன்றில் இரண்டு என்றால் ஆறு பேர் போதும். ஏழு பேர் சரி என்றார்கள். ஒருவர், ஓய்வுபெற்ற தபால் அலுவலர், வேண்டாம் என்றார். அவர் மனைவி நட்ட முருங்கை பின்புறம் நிற்கிறது. அதை அவர் கூட்டத்தில் சொல்லவில்லை; என்னிடம் சொன்னார்.

நான் சொல்ல வந்த செய்தி இனிமேல்தான். அந்த எட்டு வீடுகளில் உரிமையாளர்கள் குடியிருப்பவை மூன்றுதான். மற்ற ஐந்திலும் நாங்கள், வாடகைக்காரர்கள், இருக்கிறோம். கூட்டம் நடந்த அன்று வெளிநாட்டில் இருக்கும் இரண்டு உரிமையாளர்கள் கைப்பேசி வழியாகக் கலந்துகொண்டு வாக்களித்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தக் கட்டடத்தை நேரில் பார்த்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. 2019 கோடையில் கிணறு வற்றி லாரித் தண்ணீருக்காக நள்ளிரவில் குடத்துடன் நின்றவர்கள், 2023 டிசம்பர் புயல் மழையில் கீழ்வீட்டுப் பாட்டியைத் தூக்கி மேலே கொண்டுவந்தவர்கள், எல்லாரும் கீழே நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு வெளியே நின்றோம். குடியிருப்போர் கருத்து என்று ஏடுகளில் போடுகிறார்களே, அது யாருடைய கருத்து? குடியிருப்பவருடைய கருத்தா, உடைமை உள்ளவருடைய கருத்தா?

உடைமை உள்ளவரே முடிவு செய்யட்டும். அது அவர்கள் சொத்து. இதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் தெரு அவர்கள் சொத்து அன்று. ஒரு தெருவில் பத்துக் கட்டடங்கள் இடிந்தால் போகிறவர்கள் பத்துக் கட்டடத்து வாடகைக்காரர்கள் மட்டுமா? எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா கணக்குப் போட்டுச் சொன்னார்: “பாப்பா, பழைய வீடுன்னா கேட்டுக்குள்ள போயி துணி வாங்கிட்டு வருவேன். புது பில்டிங்ல செக்யூரிட்டி உள்ள வுட மாட்றாரு. வண்டிய அந்தாண்ட தள்ளிக்கோன்றாரு.” புதுக் கட்டடங்களில் கீழ்த்தளம் முழுவதும் கார் நிறுத்துமிடம். தெருப்பக்கம் திண்ணை இல்லை, வேப்பமரம் இல்லை, வண்டி நிறுத்த நிழல் இல்லை. பூக்கார ஆயா எங்கே உட்காருவார்? எந்த வரைபடத்திலும் அவருக்கு இரண்டடி இடம் ஒதுக்கியதாக நான் காணவில்லை.

வீட்டு வேலைக்கு வரும் பெண்களிடமும் கேட்டேன். அவர்களுள் பலர் கால்வாய்க்கரைக் குடிசைகளிலிருந்தும் வாரியக் குடியிருப்புகளிலிருந்தும் நடந்து வருகிறவர்கள். நடந்து வருவதுதான் அவர்கள் பிழைப்பின் அடிப்படை. காலை ஆறு மணிக்கு ஒரு வீடு, எட்டுக்கு ஒரு வீடு, நடுவே ஓடிப்போய்ப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது உண்மை. அது பெரிய உதவி. ஆனால் பேருந்தில் போகும் நேரத்தை யாரும் இலவசமாகத் திருப்பித் தருவதில்லையே!

ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022-ல் நடந்ததை நம் பகுதியில் யாரும் மறக்கவில்லை. பக்கிங்காம் கால்வாய் ஓர ஆக்கிரமிப்பு என்று நீதிமன்ற ஆணையின்பேரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அது பொதுத்தேர்வுகள் நடந்த மே மாதம். ஒரு முதியவர் தம் உடலில் தீ வைத்துக்கொண்டு இறந்தார். அதன்பிறகே, அங்கிருந்து அகற்றப்படுவோருக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகிலேயே வீடு தர இயலும் என்றால், ஓர் உயிர் போகும்வரை அது ஏன் தெரியவில்லை?

இதில் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தில் நின்று கீழே பாருங்கள். இந்த ரயில் பாதை 1997-ல் திருமயிலை வரையும், 2004-ல் திருவான்மியூர் வரையும் வந்தது. நெடுந்தூரம் அது பக்கிங்காம் கால்வாயின் மேலேயே செல்கிறது. அதன் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டுள்ளன. நீரோட்டத்தைத் தடுக்கும் தூணுக்குப் பெயர் வளர்ச்சி, கரையில் இருக்கும் குடிசைக்குப் பெயர் ஆக்கிரமிப்பு! ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே அதில்தான் அத்தை வீட்டுக்குப் போகிறேன். ஒரே கால்வாய்க்கு இரண்டு அளவுகோல் கூடாது என்கிறேன்.

மெட்ரோ ரயில் பற்றியும் கேட்டேன். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட இரண்டாம் கட்டத்தில் மூன்று வழித்தடங்கள். அவற்றுள் இரண்டு திருமயிலையில் பூமிக்கடியில் சந்திக்கின்றன. கலங்கரை விளக்கத்திலிருந்து 2023 செப்டம்பரில் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். இது வரட்டும் என்பதே என் கருத்து. கடைக்காரர்கள் மட்டும் வருந்துகிறார்கள்: தடுப்பு வைத்த நாளிலிருந்து வாடிக்கையாளர் சுற்றிக்கொண்டு வர விரும்புவதில்லையாம். ஓர் ஆட்டோ ஓட்டுநர் அண்ணன் சிரித்துக்கொண்டே, “மெட்ரோ வந்தா எனக்கு சவாரி கொறையும், ஆனா என் பொண்ணு காலேஜுக்கு அதுலதான் போவா” என்றார். பலரிடமும் கேட்டதில் இதைவிட நேர்மையான விடையை நான் கேட்கவில்லை.

நொச்சிக்குப்பத்துக் கதையும் இதே வகைதான். லூப் சாலையோரம் மீன் விற்றவர்களின் கடைகளை 2023 ஏப்ரலில் நீதிமன்ற ஆணையின்படி மாநகராட்சி அகற்றியபோது, மீனவர்கள் படகுகளைச் சாலையில் போட்டுப் போராடினார்கள். பின்னர் 2024 ஆகஸ்டில் 366 கடைகள் கொண்ட நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்காவைக் கேட்டால் ஒரே மூச்சில் இரண்டும் சொல்கிறார்: “கூரை நல்லாத்தான் கீது கண்ணு, வெயில்ல காயறதில்ல. ஆனா வண்டில போறவன் ரோட்டோரமா நின்னு வாங்குவான், உள்ள எறங்கி வர்றவன் கொறச்சல்.” அங்காடி நல்லதா கெட்டதா என்று அவரிடம் முன்னமே உட்கார்ந்து பேசியிருந்தால், கடை எந்தப் பக்கம் பார்த்து இருக்கவேண்டும் என்பதையாவது சொல்லியிருப்பார்.

கேட்பதற்கு ஓர் இடம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூட்டப்படுகின்றன. சென்னையில் 200 வார்டுகள். ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அந்தப் பகுதியின் வாக்காளர் எவரும் சபைக்கு வந்து பேசலாம். அடுக்குமாடிச் சங்கத்தில் பத்திரம் இருந்தால்தான் பேச்சு; பகுதி சபையில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். இஸ்திரி அக்காவுக்கு உண்டு, பூக்கார ஆயாவுக்கு உண்டு, என் அப்பாவுக்கும் உண்டு. ஆனால் எங்கள் தெருவில் நான் கேட்டவர்களில் இருவர்தாம் அதைப்பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். கூட்டம் என்றைக்கு என்பதை லாரித் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வதுபோல் தெருத்தெருவாகச் சொன்னால் என்ன?

அந்தச் சபையில் பேச எனக்கு வயது போதாது. போதுமானால் இரண்டு கோரிக்கை வைப்பேன். ஒரு தெருவில் பெரிய கட்டடம் வரும்முன் அதன் வரைபடத்தைத் தமிழில் விளக்கம் எழுதித் தடுப்பின்மேல் ஒட்டவேண்டும்: எத்தனை வீடு, எவ்வளவு தண்ணீர், எந்த மரம் போகிறது என்று. அந்தப் புன்னகைக் குடும்பத்தைக் கொஞ்சம் தள்ளி ஒட்டிக்கொள்ளலாம். இரண்டாவது, பள்ளியில் படிக்கும் பிள்ளை உள்ள வாடகைக் குடும்பத்தையும் குடிசைக் குடும்பத்தையும் கல்வியாண்டின் நடுவே வெளியேற்றக் கூடாது.

இந்த இரண்டாவது கோரிக்கை நடக்காத காரியம் என்று சிலர் சொன்னார்கள். கட்டுநருக்கு ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடுகிறதாம். ஓடட்டும்; எங்களுக்கும் பாடம் ஓடுகிறது. எங்கள் வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு எழுதியது, டிசம்பரோடு முடிகிறது. டிசம்பரில் காலி செய்யச் சொன்னார்கள். அப்பா கூட்டத்தில் பேச முடியாததால், எட்டு உரிமையாளர்களுக்கும் தனித்தனியே கடிதம் எழுதினார். எங்கள் வீட்டில் நான் பத்தாம் வகுப்பு, கீழ்வீட்டு அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு என்பதை மட்டும் எழுதி, பொதுத்தேர்வு முடியும்வரை அவகாசம் கேட்டார். முதலில் சம்மதித்து எழுதியவர், ஒன்பது ஆண்டுகளாகக் கட்டடத்தைப் பார்க்காத அந்த வெளிநாட்டுக்காரர். முருங்கைமரத்துத் தாத்தா அடுத்து. மாமி தம் முழங்காலையும் மறந்து, “ஏப்ரல் வரைக்கும் நான் ஏறி எறங்கிக்கறேன், கொழந்தை படிக்கட்டும்” என்று எங்கள் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். கட்டுநரும் ஏப்ரல் இறுதி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார்.

அதற்குப்பின் எங்கே போவோம் என்பது இன்னும் முடிவாகவில்லை. மந்தைவெளியில் அப்பா பார்த்த மூன்று வீடுகளும் எங்கள் கைக்கு எட்டவில்லை. மேடவாக்கத்தில் ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது.