ஆஃப்சைடும் ஒரு இன்ச் அல்பத்தனமும்

"என்ன இருந்தாலும் இந்த ஆஃப்சைடு மட்டும் புரியவே மாட்டேங்குதுப்பா" என்று சலித்துக்கொள்ளும் மக்களுக்கு முதலில் ஒரு நல்ல சேதி. அந்த விதியில் புரியாமல் போக ஒன்றுமே இல்லை. எல்பிடபிள்யூ புரிஞ்ச ஜனங்க நாம. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தினா அவுட் கிடையாது, கால்ல பட்டது ஆஃப் ஸ்டம்புக்கு வெளியேன்னா ஷாட் ஆட முயற்சி பண்ணினாரான்னு பார்க்கணும்... இதையெல்லாம் எட்டு வயசுல தெருவுல நின்னு வாதாடினவங்களுக்கு ஆஃப்சைடு ஜுஜுபி.

ஒரே பத்தியில் சொல்றேன், கேட்டுக்குங்க. சக ஆட்டக்காரர் பந்தை உதைக்கும் அந்த நேரத்தில் நீங்க எதிரணியின் பாதியில் இருக்கீங்க. பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளையும் தாண்டி, கோல் கோட்டுக்குக் கிட்டத்தில் இருக்கீங்க. அப்படின்னா ஆஃப்சைடு நிலை. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர்தான் என்பதால், நடைமுறையில் கடைசி டிஃபெண்டரைப் பார்த்தால் போதும். அவருக்குச் சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை. கை கணக்கில் வராது. சும்மா நிற்பது குற்றம் இல்லை, ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். கார்னர், த்ரோ-இன், கோல் கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது.

அவ்ளோதான். முடிஞ்சுது.

அப்புறம் ஏன் புரியலை? டிவியில் காட்டுவது இந்த விதியை இல்லை என்பதால்தான். கோல் விழுது, மைதானமே குதிக்குது, அப்புறம் ரெஃப்ரி காதில் கையை வெச்சுக்கிட்டு நிக்கிறார். ரெண்டு நிமிஷம் கழிச்சுத் திரையில் ஒரு சிவப்புக் கோடு, ஒரு நீலக் கோடு. ரெண்டுக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் இடைவெளி. கோல் கிடையாதாம். இதைப் பார்க்கிறவனுக்கு விதி புரியாமல் போனால் தப்பு அவன் மேல இல்லை. வி.ஏ.ஆர். அறையில் கோடு போடுகிற கனவான்கள் மேலதான் எனக்குக் கோபம். இந்தப் பதிவும் அவங்களுக்குத்தான்.

விதி எதுக்கு வந்தது? கோல் போஸ்ட் பக்கத்திலேயே பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டு, பந்து வந்தா தட்டிவிடலாம்னு காத்திருக்கிற ஆளை எழுப்பி விடுறதுக்கு. 1863-ல் லண்டனில் எழுதின முதல் விதிகளில் பந்துக்கு முன்னால் நின்றாலே ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. 1866-ல் கொஞ்சம் இறங்கி வந்து, எதிரே மூணு பேர் இருந்தால் சரி என்றார்கள். நியூகாஸில் அணியின் பில் மெக்ராக்கன் போன்ற டிஃபெண்டர்கள் இதையே பொறியாக்கி, ஒரு எட்டு முன்னால் வந்து ஃபார்வர்டுகளை மாட்டிவிடுவதையே பிழைப்பாக வைத்திருந்தார்கள். ஆட்டம் சப்பென்று ஆனதும் 1925-ல் மூணு பேர் ரெண்டு பேராச்சு. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 1924-25 சீசனில் விழுந்த கோல்கள் 1192. அடுத்த சீசனில் அதே 462 ஆட்டங்களில் 1703! 1990 உலகக் கோப்பைக்கு முன்னால் "சமமாக நின்றாலும் ஆஃப்சைடு இல்லை" என்று இன்னும் ஒரு படி தளர்த்தினார்கள்.

கவனிச்சீங்களா? இந்தப் பெரிய திருத்தம் எல்லாமே ஒரே திசையில்தான் போயிருக்கு. கோல் போட வர்றவனுக்கு வழி விடு என்பதுதான் அந்தத் திசை.

இப்போ நம்ம தொழிலுக்கு வருவோம். நம்மில் பாதிப் பேர் பகலில் ஆணி பிடுங்குகிறவர்கள்தானே, உங்களுக்கு இது டக்குன்னு புரியும். ரெண்டு ஃப்ளோட் எண்களைச் சமமான்னு நேரடியாக ஒப்பிடக் கூடாதுன்னு முதல் வருஷமே தலையில் குட்டிச் சொல்லித் தருவாங்க. நடுவில் எப்சிலான்னு ஒரு சின்ன விளிம்பு விடணும். இல்லேன்னா "சமம்" என்கிற பதில் எப்பவுமே வராது. வி.ஏ.ஆர். செய்றது இந்தத் தப்பைத்தான். லைன்ஸ்மேன் கண்ணால் பார்த்த காலத்தில் "சமம்" என்பதற்கு ஒரு அகலம் இருந்தது. ஏறக்குறைய ஒரே வரிசையில் நின்றால் அது சமம். மில்லிமீட்டரில் கோடு போட ஆரம்பிச்ச அன்றைக்கு அந்த அகலம் பூஜ்ஜியமாச்சு. ரெண்டு மனுஷ உடம்பு மில்லிமீட்டர் சுத்தமாக எப்பய்யா சமமா நிற்கும்? ஆக, 1990-ல் கொடுத்த சலுகை புத்தகத்தில் அப்படியே இருக்கு. ஆட்டத்தில் காணாமப் போச்சு. எந்தக் கூட்டமும் போட்டு அதை ரத்து பண்ணலை. ஒரு அளவுகோல் சத்தமில்லாமல் ரத்து பண்ணிடுச்சு. என்னோட முதல் குற்றச்சாட்டு இது.

ரெண்டாவது குற்றச்சாட்டு இன்னும் மோசம். அந்த அளவுகோலுக்கே அந்தத் துல்லியம் கிடையாது.

10 ஆகஸ்ட் 2019, பிரீமியர் லீக்கில் வி.ஏ.ஆர். வந்த முதல் வாரம். வெஸ்ட் ஹாமுக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டியின் கேப்ரியல் ஜீசஸ் போட்ட கோல் ரத்து. பாஸ் கொடுத்த ரஹீம் ஸ்டெர்லிங்கின் தோள் 2.4 சென்டிமீட்டர் ஆஃப்சைடாம். ஒரு இன்ச் கூட இல்லை.

கணக்குப் போடலாம் வாங்க. அன்றைக்குக் கோடு போட்டது ஒளிபரப்பு கேமரா படத்தின் மேல். வினாடிக்கு 50 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் 20 மில்லிசெகண்ட். ஃபார்வர்டு வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுறார்னு வைங்க (ஒரு ஸ்பிரின்ட்டுக்கு இது சாதாரணம்). எதிர்த்திசையில் டிஃபெண்டர் 4 மீட்டர் வேகத்தில் முன்னேறி வர்றார். ரெண்டு பேருக்கும் நடுவில் வினாடிக்கு 12 மீட்டர் மாறுது. 20 மில்லிசெகண்டில் 24 சென்டிமீட்டர்! அடுத்தடுத்த ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவிலேயே ஒரு சாண் தூரம் போயிடுது. உதை எந்த ஃப்ரேமில் ஆரம்பிச்சதுன்னு முடிவு பண்றவர் ஒரு மனுஷன். அந்த உதையும் ஒரு புள்ளி இல்லை, பூட்ஸும் பந்தும் ஒட்டியிருக்கிற நேரமே கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட். முதல் தொடுதலைத்தான் எடுக்கணும்னு விதி சொல்லுது, சரி. அந்த முதல் தொடுதல் ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவில் விழுந்தா எதை எடுப்பீங்க?

ஒரு சாண் பிழை வரக்கூடிய தராசில் ஒரு இன்ச் வித்தியாசத்தை நிறுத்துக் காட்டி "இதுதான் உண்மை" என்கிறார்கள். இதே கணக்கைக் காலேஜ் லேப் ரெக்கார்டில் எழுதியிருந்தால் வாத்தியார் நோட்டைத் தூக்கி மூஞ்சியில் எறிஞ்சிருப்பார்.

"அது பழைய கதை தல, இப்போ செமி ஆட்டோமேட்டட் வந்தாச்சே" என்று பின்னூட்டத்தில் ஒருத்தர் நிச்சயம் வருவார். வாங்க. 2022 கத்தார் உலகக் கோப்பையில் 12 கேமரா, ஒவ்வொரு ஆட்டக்காரர் உடம்பிலும் 29 புள்ளிகள், வினாடிக்கு 50 தடவை. பந்துக்குள்ளேயே ஒரு சென்சார், வினாடிக்கு 500 தடவை. ரொம்ப நல்ல இன்ஜினியரிங், மறுக்கவே இல்லை. உதைத்த நேரம் இப்போ 2 மில்லிசெகண்ட் வரை சுத்தம். மேலே போட்ட அதே வேகத்துக்கு 2 மில்லிசெகண்ட் என்றால் 2.4 சென்டிமீட்டர். அட, ஸ்டெர்லிங்கின் தோள்! உடம்பை அளக்கிறது இன்னும் 50 தடவைதான், நடுவில் உள்ளதைக் கணக்குப் போட்டு நிரப்பணும். பிழை குறைஞ்சிருக்கு, ஒழியலை. ஆனா டிவியில் வர்ற அந்த அனிமேஷன் பொம்மையைப் பாருங்க. ஒரு கண்ணாடிச் சுவர், அதைத் தாண்டி ஒரு கால்விரல். பிழை எவ்வளவுன்னு எங்கேயாவது ஒரு எண் போடுறாங்களா? மூச்!

29 ஜூன் 2024, யூரோ கோப்பை. டென்மார்க்கின் ஆண்டர்சன் ஜெர்மனிக்கு எதிராக கோல் போடுறார். தாமஸ் டெலேனியின் கால்விரல் நுனி ஆஃப்சைடு, கோல் ரத்து. சில நிமிஷத்தில் அதே ஆண்டர்சன் கையில் பந்து உரசியதாக வி.ஏ.ஆர். சொல்ல, ஜெர்மனிக்கு பெனால்டி. ஆட்டம் 2-0. டென்மார்க் வீட்டுக்கு. அந்தக் கால்விரலால் டெலேனிக்கு என்ன லாபம் கிடைச்சது? பாய் விரிச்சுப் படுத்திருந்தாரா?

இதைவிடக் கூத்து 7 நவம்பர் 2020-ல் கிரிஸ்டல் பேலஸ் - லீட்ஸ் ஆட்டம். பேட்ரிக் பாம்ஃபோர்ட் "இங்கே போடு"ன்னு கையை நீட்டிக் காட்டுறார். பந்து அங்கேயே வருது, கோல். நீட்டின அந்தக் கையின் மேல்பகுதி, சட்டைக்கை மூடியிருந்த இடம், ஆஃப்சைடு என்று ரத்து பண்ணினாங்க. வழி காட்டின குற்றத்துக்குத் தண்டனை!

உடனே "அப்போ பழையபடி லைன்ஸ்மேன் தப்புப் பண்ணினா பரவாயில்லையா?" என்பீர்கள். பரவாயில்லைன்னு யார் சொன்னது? 2010 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிராக அர்ஜென்டினாவின் டெவேஸ் தலையால் முட்டின கோல் பச்சையான ஆஃப்சைடு. மைதானத்தின் பெரிய திரையிலேயே எல்லாரும் பார்த்தாங்க, அப்படியும் கோல் நின்னுச்சு. இந்த மாதிரி அநியாயத்தைத் தடுக்கத்தான் வி.ஏ.ஆர். வேணும்னு கேட்டோம். அதுக்கு ஒரு ரீப்ளே போதும். நெருப்பை அணைக்கக் கூப்பிட்டோம், வந்தவங்க அடுப்பையும் சேர்த்து அணைச்சுட்டாங்க.

தவிர, மெஷின் இருந்தா மனுஷத் தப்பு போயிடும்னு நினைக்கிறவங்க 30 செப்டம்பர் 2023-ஐ ஒரு தடவை நினைச்சுக்குங்க. டாட்டன்ஹாம் - லிவர்பூல். லூயிஸ் டியாஸின் சுத்தமான கோலுக்கு லைன்ஸ்மேன் கொடி தூக்கிட்டார். வி.ஏ.ஆர். பார்த்தது, ஆஃப்சைடு இல்லைன்னு சரியாகவும் கண்டுபிடிச்சது. ஆனா களத்தில் கோல் கொடுத்துட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு "பார்த்தாச்சு, சரி" என்று தகவல் சொல்ல, கோல் அம்போ. டேட்டா சரி, மெசேஜ் தப்பு. நம்ம ப்ரொடக்‌ஷன்ல தினம் பார்க்கிற கூத்துதானே!

இதுவரைக்கும் கோல் போச்சு, பாயின்ட் போச்சு. இனி சொல்றது சிரிக்கிற விஷயம் இல்லை. வி.ஏ.ஆர். பின்னாடி பார்த்துக்கும் என்பதால், கோல் வாய்ப்பு இருக்கும்போது லைன்ஸ்மேன் கொடியை உடனே தூக்காமல் காத்திருக்கணும்னு நடைமுறை வந்தது. 11 மே 2025, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் - லெஸ்டர் ஆட்டம். எலாங்கா ஆஃப்சைடு, ஆனா கொடி ஏறலை, ஆட்டம் தொடருது. அவர் அனுப்பின பந்துக்குப் பாய்ந்த தைவோ அவோனியி கோல் கம்பத்தில் மோதினார். வயிற்றில் அவசர அறுவை சிகிச்சை, மருந்து கொடுத்து கோமாவில் வைக்க வேண்டியிருந்தது. நல்லவேளை, பிழைத்துவிட்டார். கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு ஆஃப்சைடுக்காக ஒரு மனுஷன் குடல் கிழிய ஓடியிருக்கான்.

சரி, மாற்று என்னன்னு கேட்பீங்க. அது நம்ம வீட்டு டிவியிலேயே இருக்கு. அம்பயர்ஸ் கால்! எல்பிடபிள்யூவில் பந்தின் பாதிக்கும் குறைவாகத்தான் ஸ்டம்பில் படும்னு மெஷின் சொன்னா, களத்தில் அம்பயர் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். நாம எல்லாரும் அதைத் திட்டியிருக்கோம். ஆனா யோசிச்சுப் பாருங்க, மெஷின் தன் வாயால் "இதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்று ஒத்துக்கொள்ளும் இடம் அது. அது கணிப்பு, ஆஃப்சைடு நடந்து முடிஞ்ச விஷயம் என்பது பெரிய வாதம் இல்லை. நடந்ததை அளக்கிற கருவிக்கும் பிழை உண்டு.

நெதர்லாந்து லீக்கில் 2020-21-லேயே இதைச் செய்தாங்க. கோடுகளைத் தடிமனாக்கி, ரெண்டும் தொட்டுக்கிட்டா களத்தில் சொன்ன தீர்ப்பே நிற்கும்னு வைத்தார்கள். பிரீமியர் லீக்கும் 2021-22-ல் கோட்டைத் தடிமனாக்கியது. "அந்தத் தடிமனுக்கும் ஒரு ஓரம் இருக்குமே, அங்கேயும் மில்லிமீட்டர் சண்டை வருமே" என்பதுதான் எதிர்த்தரப்பின் கடைசி அஸ்திரம். வரும்தான். ஆனா அந்த ஓரத்தைத் தாண்டினதும் மெஷினுக்கு உண்மையிலேயே பதில் தெரியும். தெரிஞ்ச இடத்தில் மட்டும் பேசு, தெரியாத இடத்தில் லைன்ஸ்மேனைப் பேச விடு. நான் கேட்கிறது இவ்வளவுதான்.

ஆக என் கோரிக்கைகள் மூணு. ஒண்ணு, கருவியின் பிழை எவ்வளவுன்னு திரையில் போடுங்க. ரெண்டு, அந்தப் பிழைக்குள் வந்தா களத்துத் தீர்ப்பே நிற்கட்டும். மூணு, கண்ணுக்குத் தெரிகிற ஆஃப்சைடுக்குக் கொடியை உடனே தூக்குங்க. ஆர்சன் வெங்கர், உடம்பில் கோல் போடக்கூடிய ஏதாவது ஒரு பாகம் டிஃபெண்டரோடு வரிசையில் இருந்தாலே ஆஃப்சைடு இல்லைன்னு மாத்தணும்னு சொல்லிக்கிட்டிருந்தார். அது வந்தாலும் எனக்குச் சம்மதமே. ஆனா விளிம்பு விடாமல் அதையும் மில்லிமீட்டரில் அளந்தா, கோடு இடம் மாறும், அல்பத்தனம் மாறாது.

கோல் விழுந்த அந்த நொடியில் பக்கத்து சீட் ஆளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கத்துறதுக்காகத்தான் இந்த ஆட்டத்தையே பார்க்கிறோம். இப்போ கத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரெஃப்ரி காதைப் பார்க்க வேண்டியிருக்கு. கட்டைவிரலை அளந்து அந்தக் கத்தலைப் பறிச்சுக்கிட்டாங்க, அதைத்தான் திருப்பிக் கேக்குறேன்.

டிஸ்கி: "கால்பந்தே பார்க்காதவன் என்ன பண்றது" என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு - அடுத்த தடவை ஆபீஸ்ல யாராவது தசமப் புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் போட்ட ரிப்போர்ட்டைக் காட்டினா, "பிழை எவ்வளவு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. புண்ணியமாப் போகும்.